நுண்கலைப் பட்டம்: சேருவதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய வரவு செலவுக் கணக்கு

நுண்கலைப் பட்டத்துக்குச் செலவழிக்கும் பணம் திரும்பி வருமா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்தக் கல்லூரி, எந்தத் துறை, எவ்வளவு கடன் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் அதற்கு விடை சொல்ல முடியும். அந்த மூன்றையும் கேட்காமலேயே ‘ஓவியம் சோறு போடாது’ என்று தடுப்பவர்களும், ‘திறமை இருந்தால் பணம் தானாக வரும்’ என்று அனுப்பி வைப்பவர்களும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒரே அளவு தீங்கு செய்கிறார்கள் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் நான்காண்டு பி.எஃப்.ஏ. (இளங்கலை நுண்கலை) படிப்பில் சேர எண்ணும் மாணவரும் அவருடைய பெற்றோரும் ஒரு தாளில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கைப் படிப்படியாக இங்கே தருகிறேன். இசைக்கும் நடனத்துக்கும் வருமான வழிகள் வேறு என்பதால், ஓவியம், சிற்பம், வடிவமைப்பு ஆகிய காட்சிக் கலைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் படி: எந்த வாசல்கள் திறந்திருக்கின்றன என்று பார்த்தல்

சென்னை எழும்பூர்ப் பகுதியில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய கலைக் கல்லூரிகளில் ஒன்றான அதுவும், கும்பகோணத்தில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரியும் இன்று, 2013இல் உருவான தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி மரபுச் சிற்பத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. இவை தவிர, தனியார் பல்கலைக்கழகங்களும் சுயநிதிக் கல்லூரிகளும் நுண்கலை, விஷுவல் கம்யூனிகேஷன், அனிமேஷன் என்று வெவ்வேறு பெயர்களில் படிப்புகளை நடத்துகின்றன. மாநிலத்துக்கு வெளியே போகத் துணிபவர்களுக்குப் பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலமும் சாந்திநிகேதனின் கலா பவனமும் முக்கியமான இடங்கள்.

அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் உள்ள கட்டண வேறுபாடு எந்தப் பட்டப்படிப்பிலும் பெரியதுதான் என்றாலும், நுண்கலையில் அதன் விளைவு இன்னும் கடுமையானது. பொறியியலில் அதிகக் கட்டணம் வாங்கும் கல்லூரி, வளாக நேர்காணலைக் காட்டித் தன் விலையை ஓரளவு நியாயப்படுத்த முடியும். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் வளாக நேர்காணல் என்ற ஏற்பாடே பெரும்பாலும் இல்லாததால், கூடுதலாகக் கட்டிய கட்டணம் கூடுதலான சம்பளமாகத் திரும்பும் என்று நம்புவதற்கு ஆதாரம் மிகக் குறைவு. ஆகவே அரசுக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டு முன்னதாகவே வரைந்து பழகுவது, இந்தக் கணக்கில் மிக அதிகமான பணத்தை மிச்சப்படுத்தும் ஒரே செயல். அந்தத் தேர்வு கையின் பயிற்சியைச் சோதிப்பது. மதிப்பெண்ணை மட்டும் நம்பி, பொருள் வரைதலும் மனித உருவ வரைதலும் பழகாமல் போகிறவர்கள் அங்கே இடத்தைத் தவறவிட்டு, பிறகு தனியாரிடம் பல லட்சம் கொடுக்க நேரிடுகிறது.

இரண்டாம் படி: முழுச் செலவையும் எழுதுதல்

செலவு என்றதும் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் எழுதுவது வழக்கம். அரசுக் கல்லூரியில் சேர்பவருக்கு அந்தக் கட்டணம் மொத்தச் செலவில் மிகச் சிறிய பகுதியே. வெளியூர் மாணவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும்தான் பெரிய செலவு. அடுத்து வருவது பொருள்கள். கான்வாஸ், எண்ணெய் வண்ணம், தூரிகை, நல்ல தாள் ஆகியவற்றை நான்காண்டும் தொடர்ந்து வாங்க வேண்டும். சிற்பத் துறையில் களிமண்ணும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் மலிவாக இருந்தாலும், இறுதியாண்டில் வெண்கலத்தில் வார்க்க விரும்பினால் உலோகத்துக்கும் வார்ப்புக்கும் ஆகும் செலவு ஓராண்டுப் பொருள்செலவை விழுங்கிவிடும். விஷுவல் கம்யூனிகேஷன் எடுப்பவர் கணினியும் மின்னணு வரைபலகையும் வாங்காமல் இரண்டாம் ஆண்டைத் தாண்டுவது கடினம். கல்விச் சுற்றுலா, இறுதியாண்டுக் காட்சிக்குப் படங்களுக்குச் சட்டமிடுதல் போன்றவற்றையும் இதோடு சேர்க்க வேண்டும்.

கணக்கைப் பழகுவதற்காக இரண்டு மாணவர்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் முறையைக் காட்டுவதற்காக நான் வைத்தவை. அவற்றை நீக்கிவிட்டு உங்கள் ஊரின் உண்மையான எண்களை இட்டுக்கொள்ள வேண்டும். அரசுக் கல்லூரியில் சேரும் மாணவிக்கு நான்காண்டுக் கட்டணம் 10,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம் என்ற கணக்கில் மாதம் 5,000 ரூபாய் வீதம் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் 2,00,000 ரூபாய், மாதம் 1,500 ரூபாய் வீதம் பொருள்களுக்கு 60,000 ரூபாய், கணினிக்கு 60,000 ரூபாய், சுற்றுலாவுக்கும் காட்சிக்கும் 30,000 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 3,60,000 ரூபாய் ஆகிறது. தனியார் கல்லூரியில் சேரும் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 1,50,000 ரூபாய் என்றும், மற்ற செலவுகள் அதே 3,50,000 ரூபாய் என்றும் வைத்தால் மொத்தம் 9,50,000 ரூபாய்.

இந்த இரண்டு தொகைகளுக்கும் அடியில் இன்னொரு வரி எழுத வேண்டும். படிக்காமல் வேலைக்குப் போயிருந்தால் அந்த நான்காண்டுகளில் கிடைத்திருக்கும் சம்பளமே அது. மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தாலும் 48 மாதத்தில் 4,80,000 ரூபாய் ஆகிறது. வேறு ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் எப்படியும் சேரத்தான் போகிறார் என்றால், இந்த வரியில் மூன்றாண்டுப் படிப்புக்கும் நான்காண்டுப் படிப்புக்கும் இடையிலுள்ள ஓராண்டை மட்டும் எழுதினால் போதும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் முழுத் தொகையையும் நுண்கலையின் தலையில் கட்டுவது நியாயமான கணக்கு ஆகாது.

மூன்றாம் படி: கடனைத் தனியே எடுத்துப் பார்த்தல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். நுண்கலை படித்தவரின் வருமானம் மெதுவாக ஏறுகிறது. முதல் ஐந்தாண்டுகளில் சிறிய வேலைகள், இடைவெளிகள், தாமதமாக வரும் பணம் ஆகியவை இயல்பானவை. கல்விக் கடனின் தவணையோ அந்த முதல் ஐந்தாண்டுகளில்தான் முழு அளவில் கேட்கிறது. பட்டத்தின் வாழ்நாள் மதிப்பு நன்றாகவே இருந்தாலும்கூட, இந்தக் காலப் பொருத்தமின்மை ஒருவரை ஓவியத்தை விட்டே விலகச் செய்துவிடும். தவணை கட்டுவதற்காக ஏதோ ஓர் அலுவலக வேலையில் சேர்ந்து, தூரிகையைத் தொடுவதற்கும் நேரமில்லாமல் போனவருக்கு, படித்த படிப்பு பணமாகவும் ஆகவில்லை, கலையாகவும் ஆகவில்லை.

வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில், படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலம் முழுவதும் தனி வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன தனியார் கல்லூரி மாணவர் ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் 8 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டிக்கு வாங்குகிறார் என்று கொள்வோம். முதலாண்டில் வாங்கிய 2 லட்சத்துக்கு 5 ஆண்டும், அடுத்தடுத்த தொகைகளுக்கு 4, 3, 2 ஆண்டுகளும் வட்டி சேரும்போது, தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 2,80,000 ரூபாய் ஆகியிருக்கும். அசலோடு சேர்த்து 10,80,000 ரூபாயைப் பத்தாண்டுகளில் கட்டுவதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 14,270 ரூபாய். பத்தாண்டுகளில் கட்டி முடிக்கும் தொகை 17 லட்சத்தைத் தாண்டுகிறது. 8 லட்சம்தான் வாங்கினோம் என்று நினைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த எண் அதிர்ச்சியாகவே இருக்கும்.

தவணை, கைக்கு வரும் வருமானத்தில் கால் பங்கை மீறக் கூடாது என்ற அளவுகோலை வைத்துக்கொண்டால், இந்த மாணவர் படித்து முடித்த ஓராண்டுக்குள் மாதம் 57,000 ரூபாய் ஈட்டியாக வேண்டும். ஓவியமோ சிற்பமோ படித்து வெளியே வருபவருக்கு இது எட்டும் தொலைவில் இல்லை. இதே கணக்கில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வீதம் 2 லட்சம் மட்டும் வாங்கியவருக்குத் தவணை 3,570 ரூபாய் அளவில் வரும். மாதம் 14,300 ரூபாய் ஈட்டினாலே அவர் அளவுகோலுக்குள் இருப்பார். தொடக்க நிலை வடிவமைப்பு வேலையோ, இரண்டு மூன்று இடங்களில் ஓவிய வகுப்போ அந்த எண்ணைத் தொடுவதற்குப் போதும். ஆகவே என் பரிந்துரை இது: ஓவியம், சிற்பம், அச்சோவியம் (தகட்டிலோ கட்டையிலோ செதுக்கி அச்சிடும் ஓவியம்) ஆகிய துறைகளுக்கு, குடும்பத்தின் சேமிப்பு தாங்கும் அளவுக்கு மேல் கடன் வாங்க நேர்ந்தால் 2 லட்சத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் கேட்கும் கல்லூரியை, எவ்வளவு அழகான வளாகமாக இருந்தாலும், விலக்கிவிடுங்கள்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் சில நுணுக்கங்கள் உதவும். பிணைச்சொத்து இல்லாமல் 7.5 லட்சம் ரூபாய் வரை கடன் தர அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது என்றாலும், கிடைக்கிறது என்பதற்காக அத்தனையையும் வாங்க வேண்டியதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவதால் சுமை அவர்கள் மீதும் விழும். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் வரும் ஓராண்டிலும் அந்தந்த மாத வட்டியைக் கட்டி வர முடிந்தால், 8 லட்சத்துக்கான தவணை 14,270 ரூபாயிலிருந்து 10,570 ரூபாயாகக் குறையும். வட்டி மானியத் திட்டங்கள் எல்லாப் படிப்புகளுக்கும் பொருந்துவதில்லை என்பதால், நீங்கள் சேரும் கல்லூரிக்கும் படிப்புக்கும் அது பொருந்துமா என்பதை வங்கிக் கிளையில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டும் வட்டிக்குப் பழைய வரிமுறையில் எட்டாண்டுகள் வரை வருமான வரிக் கழிவும் உண்டு. வரி கட்டும் பெற்றோர் கடன் வாங்கியவராக இருந்தால் அது அவருக்குப் பயன்படும்.

நான்காம் படி: துறையைத் தேர்தல்

ஒரே கல்லூரியில், ஒரே கட்டணத்தில் படித்தாலும் துறைக்குத் துறை வருமான வழிகள் மாறுகின்றன. விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவருக்கு விளம்பர நிறுவனம், பதிப்பகம், செய்தி ஊடகம், இணையதள வடிவமைப்பு என்று மாதச் சம்பளம் தரும் இடங்கள் அதிகம். நெசவு வடிவமைப்புக்குத் திருப்பூர், கரூர், காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் தொழில் அடித்தளமாக நிற்கிறது. மத்திய அரசின் நெசவாளர் சேவை மையங்கள் ஒரு காலத்தில் சென்னை ஓவியர்கள் பலருக்குச் சம்பளமும் வண்ணங்களோடு பழகும் வாய்ப்பும் சேர்த்தே கொடுத்தன. பீங்கான் துறையில் சேர்பவர்கள் குறைவு. ஆனால் சூளையும் கைத்திறனும் உள்ளவர் கையால் செய்த மண்பாண்டங்களைத் தானே விற்க முடியும் என்பதற்குப் புதுச்சேரி, ஆரோவில் பகுதிகளில் உள்ள பட்டறைகள் சான்று.

மாமல்லபுரத்தின் மரபுச் சிற்பப் படிப்பு தனித்து நிற்பது. அதற்குக் காத்திருக்கும் சந்தை, ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் கலைக்கூடங்களின் சந்தை அன்று. கோயில் திருப்பணி, கற்சிலை, சுதைவேலை, உலோகப் படிமம் என்று பல நூற்றாண்டுகளாக இயங்கிவரும் சந்தை அது. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு முதல் நாளில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரியை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தியவர். மாமல்லபுரத்தின் கற்பட்டறைகளும் சுவாமிமலையின் வார்ப்புக்கூடங்களும் படித்தவரையும் படிக்காத பரம்பரைக் கைவினைஞரையும் ஒன்றாகவே வேலைக்கு வைத்துக்கொள்கின்றன என்பதால், அங்கே பட்டத்தைவிட உளி பிடிக்கும் கையின் தேர்ச்சிக்கே கூலி. பட்டம் உதவுவது, அரசுப் பணிகளுக்கு விண்ணப்பிக்கும்போதும், ஒப்பந்தங்களைத் தன் பெயரில் எடுக்கும்போதும், சிலைகளின் அளவு விதிகளைச் சொல்லும் நூல்களைப் படித்து வரைபடம் தயாரிக்கும்போதும்தான். இந்த வழியில் நாட்டமுள்ள பிள்ளை, நகரத்துக் கல்லூரியின் நவீன சிற்பத் துறையில் சேருவதற்கு முன் ஒருமுறையாவது மாமல்லபுரம் போய் வேலையைப் பார்த்து வருவது நல்லது. இரண்டும் சிற்பமே என்றாலும் இரண்டும் வேறு வேறு வாழ்க்கை.

ஓவியமும் அச்சோவியமும் பணத்தின் பார்வையில் மிக நிச்சயமற்றவை. இதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. ஆயினும் அந்தத் துறைகளில் கிடைக்கும் பார்வைப் பயிற்சி திரைப்படக் கலைத்துறைக்கும், நூல் ஓவியத்துக்கும், அனிமேஷனுக்கும் பயன்படுவதால், ஓவியம் படித்தவர் ஓவியத்தை மட்டும் நம்பி வாழ வேண்டியதில்லை. நான்காண்டு ஓவியத்தோடு கணினி வடிவமைப்பையும் தானாகக் கற்றுக்கொள்பவரின் கணக்கு, அதைக் கற்காதவரின் கணக்கிலிருந்து பெரிதும் மாறிவிடுகிறது.

ஐந்தாம் படி: வருமானத்தை மதிப்பிடுதல்

ஒரு கல்லூரியின் பெயர்பெற்ற முன்னாள் மாணவர்களைக் கொண்டு வருமானத்தை மதிப்பிடக் கூடாது. திரைப்படக் கலை இயக்குநர் சாபு சிரில் சென்னைக் கல்லூரியில் படித்தவர் என்பது உண்மை. அதே வகுப்பறைகளில் படித்து வெளியே வந்த மற்றவர்களின் பெயர் நமக்குத் தெரியாது என்பதும் உண்மை. நீங்கள் தேட வேண்டியது ஐந்தாண்டுகளுக்கு முன் அதே துறையில் படித்து முடித்த ஒரு வகுப்பு முழுவதையும். துறைத் தலைவரிடமோ முன்னாள் மாணவர் வழியாகவோ அந்த வகுப்பின் பெயர்ப்பட்டியலைக் கேட்டு, ஒவ்வொருவரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களில் எத்தனை பேர் கலை சார்ந்த வேலையில் இருக்கிறார்கள், வருமானத்தில் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் மாதம் எவ்வளவு ஈட்டுகிறார் என்ற இரண்டும் தெரிந்தால், கல்லூரியின் விளம்பரப் புத்தகம் எதுவும் தர முடியாத தகவல் உங்கள் கையில் இருக்கும். நேரடியாகச் சம்பளத்தைக் கேட்பது மரியாதையாக இராது என்று தயங்குபவர்கள், ‘தொடங்கும் ஒருவருக்கு இந்த வேலையில் எவ்வளவு கிடைக்கும்?’ என்று கேட்கலாம். பெரும்பாலோர் மனம் திறந்து சொல்வார்கள்.

கலைக்கூட விற்பனையின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 30,000 ரூபாய் விலையிட்ட ஓவியம் ஒன்று விற்றால், கலைக்கூடத்தின் பங்காக 40 சதவீதம், அதாவது 12,000 ரூபாய் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில இடங்களில் பாதி வரையிலும் போகும். மீதி 18,000 ரூபாயில் கான்வாஸ், வண்ணம், சட்டம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு 6,000 ரூபாயைக் கழித்தால் ஓவியர் கையில் நிற்பது 12,000 ரூபாய். ஆண்டுக்கு ஆறு ஓவியங்கள் விற்றாலும் மாதத்துக்கு 6,000 ரூபாய்தான். புதியவருக்கு ஆண்டுக்கு ஆறு விற்பதே பெரிய வெற்றி. ஆதலால் விற்பனையை மாத வரவாக எழுதாமல், தனி வரியில் உபரியாக எழுதி வைப்பதுதான் சரி.

மாத வரவு வேறு வழிகளிலிருந்து வந்தாக வேண்டும். இதைத் தமிழ்நாட்டு ஓவியர்களே மிகத் தெளிவாக உணர்ந்து செயல்பட்ட வரலாறு நம் கண்முன் இருக்கிறது. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் இளம் ஓவியர்களும் சிற்பிகளும் ஒன்றுசேர்ந்து, மெழுகுச் சாயமிட்ட பாத்திக் துணிகளையும் மற்றக் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். கைவினை அவர்களுக்குச் சோறும் கூரையும் கொடுத்தது. அதனால் விற்குமா என்ற அச்சமில்லாமல் தங்கள் ஓவியத்தை வரைய முடிந்தது. இன்று பாத்திக்கின் இடத்தில் பள்ளி வகுப்பு, நூல் அட்டை, திருமண வரவேற்பு மேடை வடிவமைப்பு, கேட்பவருக்கு உருவப்படம் வரைந்து தரும் ஆணை, இணையவழிப் பயிற்சி ஆகியவை நிற்கலாம். மாணவர் தன் தாளில் இத்தகைய வழிகளில் குறைந்தது இரண்டையாவது பெயரிட்டு எழுதி, ஒவ்வொன்றிலும் முதலாண்டில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை அந்த வேலையைச் செய்யும் ஒருவரிடம் கேட்டு நிரப்ப வேண்டும்.

ஆணைக்கு வரைபவர்கள் ஒரு சட்ட விவரத்தை அறிந்திருப்பது அவசியம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரைந்த ஓவியத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவருக்கே சேரும். நூலுக்காக வரைந்த படம் பின்னர் நாட்காட்டியிலும் வாழ்த்து அட்டையிலும் வந்தால் அதற்குத் தனிப் பணம் கேட்க விரும்புபவர், வரையத் தொடங்குவதற்கு முன்பே உரிமை தன்னிடம் இருப்பதாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த ஒரு பழக்கம் வருமானத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். கல்லூரிகள் இதைக் கற்பிக்காமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆறாம் படி: பட்டம் என்ற தாளின் மதிப்பைப் பிரித்தறிதல்

திறமையை வேறு இடத்திலும் கற்கலாம். பட்டத்தால் மட்டுமே கிடைப்பது தகுதி. அது எங்கெல்லாம் கட்டாயம் என்று பார்க்க வேண்டும். கேந்திரிய வித்யாலயாவின் ஓவிய ஆசிரியர் பணி ஏழாவது ஊதியக்குழுவின் 7ஆம் நிலையில், 44,900 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் தொடங்குகிறது. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலைப் பட்டமான எம்.எஃப்.ஏ.வும், நெட் என்ற தேசியத் தகுதித் தேர்விலோ செட் என்ற மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சியும் பொதுவாக வேண்டும். பல்கலைக்கழக மானியக்குழு ஊதியத்தில் அதன் தொடக்க அடிப்படை 57,700 ரூபாய். எனவே கல்லூரி ஆசிரியராவதே இலக்கு என்றால் கணக்கை நான்காண்டுக்கு அன்றி ஆறாண்டுக்குப் போட வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் நிலை வேறு. அங்கே ஓவிய ஆசிரியர் பணிக்கு நெடுங்காலமாக ஹையர் கிரேடு என்ற அரசு ஓவியத் தேர்வும் டி.டி.சி. என்ற தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும் வழியாக இருந்துவருகின்றன. அவற்றைப் பெறுவதற்கு ஆகும் செலவு பட்டப்படிப்போடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. ஆனால் நிரந்தரப் பணியிடங்கள் அரிதாகவே நிரப்பப்படுகின்றன. ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் ஆகிய நான்கு பாடங்களுக்கும் சேர்த்து 1,325 சிறப்பாசிரியர் பணியிடங்களுக்கு 2017இல் தேர்வு நடந்தது. 2012இல் பகுதிநேர ஆசிரியர்களாக அரசுப் பள்ளிகளில் சேர்ந்தவர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் தொடங்கி, பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். அரசு வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தாளில் எழுதுகிறவர், அந்த வேலை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அறிவிக்கப்படுகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

நாட்டம் ஓவியத்தைவிட வடிவமைப்பின் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால், பி.டெஸ். என்ற வேறு பட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐ.ஐ.டி.களின் யுசீட் தேர்வும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வும் அதற்கான வழிகள். கட்டணம் அதிகம்தான், ஆனால் வேலைக்கு ஆள் தேடி நிறுவனங்கள் வளாகத்துக்கே வருவதால், மூன்றாம் படியில் போட்ட கடன் கணக்கு அங்கே வேறு விதமாக முடியக்கூடும்.

ஏழாம் படி: செலவைக் குறைக்கும் உதவிகளைச் சேர்த்தல்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. முதல் மாணவியின் கணக்கில் எழுதிய பொருள்செலவில் பெரும்பகுதியை அது ஒன்றே ஈடுகட்டும். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு இரண்டாண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்குகிறது. 25 முதல் 40 வயது வரையுள்ளோருக்கு மாதம் 10,000 ரூபாய் தரும் இளநிலை ஆய்வுநல்கையும் உண்டு. சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் அச்சோவியம், பீங்கான், சிற்பம் ஆகியவற்றுக்கான பணிக்கூடங்கள் இருப்பதால், படிப்பு முடிந்தபின் சொந்தமாக அச்சுப்பொறியோ சூளையோ வாங்க முடியாதவர்கள் அங்கே வேலை செய்ய முயலலாம். இந்த உதவிகளைக் கணக்கில் சேர்க்கும்போது, உறுதியாகக் கிடைக்கும் தொகையை மட்டும் கழித்து, போட்டியில் வென்றால்தான் கிடைக்கும் தொகையை ஓரக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: தாளைப் படித்து முடிவெடுத்தல்

இப்போது தாளில் மொத்தச் செலவு, வாங்கும் கடன், மாதத் தவணை, நடுவில் நிற்கும் முன்னாள் மாணவரின் வருமானம், பெயரிட்ட இரண்டு வருமான வழிகள் ஆகியவை இருக்கும். நடு வருமானத்தின் கால் பங்குக்குள் தவணை அடங்கினால் சேரலாம். அடங்கவில்லை என்றால், கல்லூரியையோ துறையையோ கடனின் அளவையோ மாற்றி மறுபடியும் கணக்குப் போடுங்கள். பிள்ளையின் விருப்பத்தை மாற்றச் சொல்லும் பேச்சு அதற்குப் பிறகு வர வேண்டியது. இந்த ஆண்டு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர், ஓராண்டு வரைந்து பழகிக்கொண்டே ஒரு வடிவமைப்புக் கடையிலோ விளம்பரப் பலகைப் பட்டறையிலோ வேலை செய்து, அடுத்த ஆண்டு மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதுவது, பல லட்சம் கடனோடு உடனே சேருவதைவிட எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. உறவினர்கள் ‘ஒரு வருஷம் வீணாப் போச்சே’ என்பார்கள். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டணத்தில் நான்காண்டும் மிச்சமாகும் ஏறக்குறைய 6 லட்சம் ரூபாயை அவர்களுக்குத் தாளில் காட்டலாம்.

சேர்ந்த பிறகு, இரண்டாம் ஆண்டின் முடிவில் அதே தாளை மறுபடியும் எடுங்கள். அதற்குள் மாணவர் ஒரு சிறு ஆணையையாவது பணத்துக்குச் செய்து கொடுத்திருக்க வேண்டும். சுவரோவியமோ, அழைப்பிதழோ, பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கான கோடை வகுப்போ எதுவானாலும் சரி. அதில் கைக்கு வந்த தொகையையும் ஆன நாள்களையும் எழுதி, ஐந்தாம் படியில் வைத்த மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், மூன்றாம் ஆண்டுக் கடன் தொகையை வாங்குவதற்கு முன்பே துறைத் தலைவரைச் சந்தித்து, விடுமுறையில் எந்தப் பட்டறையில் அல்லது நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேரலாம் என்று கேட்டு, அந்த ஆண்டுக் கடனை முடிந்தவரை குறைத்து எழுதுங்கள்.